பம்பாயை உலுக்கிய பிளேக் நோயும் நாம் மறந்துவிட்ட பாடமும்

கொவிட்-19 தொற்று நம் நாட்டை ஆட்டிப்படைத்த 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நாம் அடிக்கடி கேள்விப்பட்ட சட்டம் ஒன்று உண்டு. வீடுகளைத் தனிமைப்படுத்துவது முதல் இறந்தோரின் உடல்களை என்ன செய்வது என்பது வரை பல கட்டளைகள் அந்தச் சட்டத்தின் கீழேயே பிறப்பிக்கப்பட்டன. அது 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச்சட்டமாகும். இந்நாட்டுக்குள் பிளேக் நோயும் ஏனைய தொற்றுநோய்களும் நுழைவதைத் தடுப்பதே தனது நோக்கம் என்று அச்சட்டம் தன் முகப்பிலேயே கூறுகின்றது. ஏனைய நோய்களைப் பெயர் சொல்லாது விட்ட சட்டம், பிளேக்கை மாத்திரம் பெயர் குறிப்பிட்டு முதலிடத்தில் வைத்தது ஏன்?

இதற்கான விடையை அறிய நாம் பம்பாய்த் துறைமுகத்துக்குச் செல்ல வேண்டும். 1896 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்நகரில் மூண்ட பிளேக், ஆசியத் துறைமுகங்கள் அனைத்தையும் அச்சத்தில் ஆழ்த்தியது. நோயின் வரலாறாக மாத்திரமன்றி, நோயை எதிர்கொள்ளும் அரசு மக்களை எவ்வாறு நடத்துகின்றது என்பதன் வரலாறாகவும் அது இன்றும் நமக்கு முன் நிற்கின்றது.

தானியக் களஞ்சியங்களில் தொடங்கிய மரணம்

சீனாவின் யுனான் மாகாணத்தில் நெடுங்காலம் புகைந்துகொண்டிருந்த பிளேக், 1894 இல் கன்டன் நகரையும் பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த ஹொங்கொங்கையும் தாக்கியது. ஹொங்கொங்கில் மட்டும் அவ்வாண்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோயின் காரணத்தைத் தேடி அங்கு சென்ற ஜப்பானியரான கிட்டசாட்டோவும், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் யெர்சினும் 1894 ஜூன் மாதத்தில் நோயாளிகளின் உடலில் ஒரு கிருமியைக் கண்டனர். யெர்சினின் விவரணமே துல்லியமானது எனப் பின்னர் ஏற்கப்பட்டது. இன்று அக்கிருமி அவரது பெயராலேயே அறியப்படுகின்றது.

நீராவிக் கப்பல்கள் வாரக் கணக்கில் கடலைக் கடக்கத் தொடங்கிவிட்ட காலம் அது. ஹொங்கொங்கிலிருந்து வந்த கப்பல்களின் சரக்கோடும் எலிகளோடும் நோய் பம்பாயில் இறங்கியது என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அப்போது பம்பாயின் சனத்தொகை எட்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பஞ்சாலைகளில் வேலை தேடி வந்த பல்லாயிரக்கணக்கானோர், காற்றும் வெளிச்சமும் எட்டாத 'சால்' எனப்படும் மாடிக் குடியிருப்புகளில் அறைக்குப் பலராக நெருக்குண்டு வாழ்ந்தனர்.

துறைமுகத்தை அடுத்துள்ள மாண்ட்வி, தானிய வணிகத்தின் மையமாக விளங்கிய பகுதியாகும். கீழ்த்தளத்தில் தானிய மூட்டைகளும் மேல்தளத்தில் மனிதர்களும் இருந்த வீடுகள் அங்கு ஏராளம். 1896 ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் அப்பகுதியில் இனந்தெரியாத காய்ச்சலால் அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்ந்தன. கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட மருத்துவரும் பம்பாய் மாநகர சபை உறுப்பினருமான அகாசியோ கேப்ரியல் வியேகாஸ், அங்கு நோயாளிகளைப் பார்வையிட்டபின், இது நெறி கட்டும் பிளேக் நோயே என 1896 செப்டெம்பர் 23 ஆம் திகதி அறிவித்தார். துறைமுக வர்த்தகத்தை நம்பியிருந்த நகருக்கு அது கசப்பான செய்தியாகும். பிற நாடுகள் பம்பாய்க் கப்பல்களைத் தடுத்துவிடும் என்ற அச்சத்தினால் அச்செய்தியை நம்ப மறுத்தோரும் பலர். ஆயினும் மறு பரிசோதனைகள் வியேகாஸின் முடிவையே உறுதி செய்தன.

நோய் தொற்றுவது எவ்வாறு?

பிளேக் அடிப்படையில் எலிகளின் நோயாகும். நோயுற்ற எலியின் இரத்தத்தைக் குடிக்கும் தெள்ளுப்பூச்சியின் வயிற்றுக்குள் கிருமிகள் பெருகி அதன் உணவுக்குழாயின் வாயிலை அடைத்துவிடுகின்றன. பசி அடங்காத தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்கின்றது. கடிக்கும் ஒவ்வொரு தடவையும் தொண்டையில் அடைபட்டிருக்கும் கிருமிகள் கடிபட்ட உடலுக்குள் கக்கப்படுகின்றன. எலிகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததும், பசித்த தெள்ளுகள் அருகிலுள்ள மனிதரை நாடுகின்றன.

கடிபட்டவருக்குச் சில நாட்களில் கடுங்காய்ச்சலும் நடுக்கமும் ஏற்பட்டு, தொடையிடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டி வீங்குகின்றது. சிகிச்சை அளிக்கப்படாவிடின் நோயாளர் நூற்றுவரில் முப்பது முதல் அறுபது பேர் வரை இறக்கக்கூடும். கிருமி நுரையீரலைப் பற்றிக்கொண்டால் இருமல் மூலம் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றி ஏறக்குறைய நிச்சயமான மரணத்தை விளைவிக்கும்.

இந்த விளக்கம் இன்று பாடசாலை மாணவருக்கும் எட்டக்கூடியதே. ஆனால் 1896 இல் இதனை அறிந்தவர் எவருமிலர். கிருமி கண்டுபிடிக்கப்பட்டிருந்த போதிலும் அது பரவும் வழி புலப்படவில்லை. அழுக்கிலும் ஈரத்திலும் துர்நாற்றத்திலும் நோய் உறைகின்றது என்றே அதிகாரிகள் நம்பினர். ஆகவே, கழிவுநீர்க் கால்வாய்களில் காபோலிக் அமிலம் கலந்த நீர் பாய்ச்சப்பட்டது. வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது. கூரைகள் பிரிக்கப்பட்டன. ஏழைகளின் பாயும் தலையணையும் துணிமணியும் தெருவில் குவித்து எரிக்கப்பட்டன. கால்வாய்களிலிருந்து விரட்டப்பட்ட எலிகளோ தம் தெள்ளுகளோடு அயல் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன.

எலிகள் செத்து விழத் தொடங்கினால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற அனுபவ அறிவு இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதிக் கிராமத்தவரிடம் நெடுங்காலமாகவே இருந்து வந்தது என்பதும் இங்கு கவனிக்கத்தக்கது. படித்த அதிகாரிகள் அறியாததை அக்கிராமத்தவர் தம் இழப்புகளின் மூலம் அறிந்திருந்தனர்.

சட்டம் வீட்டுக்குள் நுழைந்தபோது

1896 ஒக்டோபரில் மாநகர ஆணையாளர் ஸ்னோ, நோயுற்றோரைப் பலவந்தமாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும் வீடுகளுக்குள் நுழைந்து சுத்திகரிக்கவும் அதிகாரமளிக்கும் அறிவித்தலை வெளியிட்டார். வைத்தியசாலைக்குச் சென்றவர் திரும்பி வருவதில்லை என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. உற்றார் உறவினர் அருகில் இல்லாமல், தத்தம் சமய ஆசாரங்களுக்கு இடமில்லாமல் இறப்பதை நோயிலும் கொடியதாக அவர்கள் கருதினர். 1896 ஒக்டோபர் 29 ஆம் திகதி சுமார் ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் வீதித் தொற்றுநோய் வைத்தியசாலையைத் தாக்கினர். நகரின் துப்புரவுத் தொழிலாளர்களும் வெளியேறிவிடுவர் என அஞ்சிய ஆணையாளர் தமது கட்டளைகளைத் தளர்த்த நேர்ந்தது. நகரை விட்டு வெளியேறியோரின் தொகையோ நாளுக்கு நாள் பெருகியது. 1897 பெப்ரவரியளவில் நகரின் சனத்தொகையில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் வெளியேறியிருந்தனர். அவர்களோடு நோயும் புகையிரதமேறி ஊர்களுக்குச் சென்றது.

இந்நிலையில் பிரித்தானிய இந்திய அரசு 1897 பெப்ரவரி 4 ஆம் திகதி தொற்றுநோய்கள் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சில பிரிவுகளை மாத்திரமே கொண்ட அச்சட்டம், நோயைத் தடுக்கத் தேவையெனத் தாம் கருதும் எதனையும் செய்ய ஆட்சியாளருக்கு அதிகாரம் வழங்கியது. நல்லெண்ணத்துடன் செயற்பட்டதாகக் கருதப்படும் அதிகாரிக்கு எதிராக வழக்குத் தொடரவும் இயலாது. இலங்கையின் கட்டளைச்சட்டமும் அதே ஆண்டில், அதே அச்சத்தில் பிறந்ததாகும்.

1897 மார்ச் மாதத்தில் ஜெனரல் கெட்டேக்கரின் தலைமையில் அமைக்கப்பட்ட பம்பாய்ப் பிளேக் குழு, இராணுவத்தினரின் துணையுடன் வீடு வீடாகத் தேடுதல் நடத்தியது. புகையிரத நிலையங்களில் பயணிகள் நிறுத்தப்பட்டு அக்குளும் தொடையிடுக்கும் பரிசோதிக்கப்பட்டன. பெண்களும் இதற்கு விலக்கல்லர். ஆண் மருத்துவர்கள் பெண்களைப் பகிரங்கமாகத் தொட்டுப் பரிசோதித்தமை இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தவரையும் கொதிப்படையச் செய்தது. இறந்தோரின் உடல்களை அதிகாரிகள் பார்வையிட்ட பின்னரே இறுதிக் கிரியைகளை நடத்தலாம் என்ற விதியும் வந்தது. விளைவு என்ன? மக்கள் நோயாளரை மறைத்தனர். மரணங்களை வேறு காரணம் கூறிப் பதிந்தனர். உடல்களை இரகசியமாக அடக்கஞ் செய்தனர். எந்தத் தகவல் கிடைத்தால் நோயைக் கட்டுப்படுத்தலாமோ அந்தத் தகவலே அரசுக்குக் கிடைக்காமற் போயிற்று.

பூனா நகரில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. அங்கு பிளேக் ஆணையாளராக இருந்த ரான்ட், விக்டோரியா மகாராணியின் வைரவிழா தினமான 1897 ஜூன் 22 ஆம் திகதி இரவில் சாப்பேகர் சகோதரர்களால் சுடப்பட்டுப் பின்னர் இறந்தார். அச்சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அரசின் கெடுபிடிகளைத் தமது பத்திரிகையில் சாடிய திலகர் இராசத்துரோகக் குற்றச்சாட்டில் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதே பூனாவில் நோயாளருக்குப் பணிவிடை செய்த கல்விச் சேவையாளர் சாவித்திரிபாய் பூலே, நோய் தொற்றி 1897 மார்ச் 10 ஆம் திகதி உயிர்நீத்தார்.

1898 மார்ச்சில் பம்பாயில் மீண்டும் கலவரம் வெடித்தது. முஸ்லிம் நெசவாளர்கள் செறிந்து வாழ்ந்த மதன்புரா பகுதியில் நோயுற்ற சிறுமி ஒருத்தியைக் கொண்டு செல்ல வந்தவர்களை உறவினர்கள் தடுத்ததே அதன் தொடக்கமாகும். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதால் துறைமுகப் பணிகள் ஸ்தம்பித்தன.

ஹஜ் பயணமும் தடைப்பட்டது

முஸ்லிம்களுக்கு மேலும் ஒரு வேதனை காத்திருந்தது. இந்தியாவிலிருந்து மக்கா செல்லும் யாத்திரிகர்களின் பிரதான துறைமுகம் பம்பாயேயாகும். பிளேக் மக்காவுக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் பரவிவிடும் என ஐரோப்பிய அரசுகள் நெருக்குதல் கொடுத்தன. இதன் விளைவாக 1897 இல் ஹஜ் பயணக் கப்பல்கள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டில் வெனிஸ் நகரில் கூடிய சர்வதேச சுகாதார மாநாட்டின் முக்கிய பேசுபொருளும் இதுவே.

தொற்று நிலவும் ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் எனப் போதித்த மார்க்கத்தைப் பின்பற்றுவோருக்குப் பயணக் கட்டுப்பாடு புதிய கருத்தன்று. காரணத்தை எடுத்துக்கூறி அவர்களின் ஒத்துழைப்பைக் கோரியிருக்கலாம். மாறாகச் சந்தேகத்துக்குரிய கூட்டமாக நடத்தப்பட்டமையே மனங்களைப் புண்படுத்தியது.

தம் கையில் ஊசி ஏற்றியோர்

பலாத்காரம் தோற்ற இடத்தில் நம்பிக்கை வென்றதற்கும் பம்பாயே சாட்சியாகும். ஒடெசாவில் பிறந்த யூத விஞ்ஞானியான வால்டெமார் ஹஃப்கின், 1896 ஒக்டோபரில் பம்பாய் வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறு அறையில் தடுப்பூசி ஆய்வில் இறங்கினார். மூன்றே மாதங்களில் மருந்து உருவானது. 1897 ஜனவரி 10 ஆம் திகதி அவர் அதனை முதலில் தமது உடலிலேயே ஏற்றிப் பரிசோதித்தார். பின்னர் பைகுல்லா சிறைச்சாலையில் தாமாக முன்வந்த கைதிகளுக்கு வழங்கப்பட்டபோது, ஊசி ஏற்றியவர்களிடையே நோயும் மரணமும் குறைவாகவே காணப்பட்டன.

தடுப்பூசி குறித்தும் வதந்திகள் பரவாமல் இல்லை. அவ்வேளையில் இஸ்மாயிலி முஸ்லிம்களின் இளம் தலைவரான மூன்றாம் ஆகா கான், தமது மக்களின் முன்னிலையில் தாமே ஊசி ஏற்றிக்கொண்டார். ஒரு தடவையல்ல, பல தடவைகள். அதனைக் கண்ட கோஜா சமூகத்தவர் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஜைனர்கள் எனப் பல சமூகத்தவரும் தத்தம் வைத்தியசாலைகளை அமைத்தனர். உறவினர் அருகிலிருந்து பராமரிக்கவும், உணவும் வழிபாடும் வழக்கம்போல் நடைபெறவும், இறந்தோருக்கு அவரவர் முறைப்படி இறுதிக் கடன்களைச் செய்யவும் அங்கு இடமிருந்தது. முன்பு மறைந்து கொண்ட நோயாளர்கள் அங்கு வரத் தயங்கவில்லை. நூற்றாண்டின் முடிவில் அரசும் கட்டாயப் பிரித்தெடுப்பைப் பெருமளவில் கைவிட்டு இணக்க வழிக்குத் திரும்பியது.

எனினும், ஹஃப்கினுக்குக் கிடைத்த பரிசு கசப்பானது. 1902 இல் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் ஊசி ஏற்றப்பட்ட 19 பேர் ஏற்புவலி கண்டு இறந்தனர். பழி அவர் மீது சுமத்தப்பட்டுப் பதவியும் பறிக்கப்பட்டது. ஆய்வுகூடத்திலன்று, கிராமத்தில் குப்பியைத் திறந்த வேளையிலேயே மருந்து மாசடைந்தது எனத் தெரியவந்து, 1907 இல் அவர் குற்றமற்றவரெனத் தீர்மானிக்கப்பட்டார். 1925 இல் பம்பாய் ஆய்வுகூடத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

கண்ணாடிப் பாத்திரத்துக்குள் கிடைத்த விடை

நோய் பரவும் வழியைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு மருத்துவரான போல் லூயி சிமோன் ஆவார். நோயாளரின் காலில் காணப்பட்ட சிறு கொப்புளங்களுக்குள் கிருமிகள் இருப்பதை அவதானித்த அவர், அவை தெள்ளுக்கடியின் தடங்கள் என ஊகித்தார். 1898 ஜூன் மாதத்தில் கராச்சி நகரில் அவர் நடத்திய சோதனை மிக எளிமையானது. நோயுற்ற எலியொன்றைத் தெள்ளுகளுடன் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தார். எலிகள் ஒன்றையொன்று தொட இயலாதவாறு அதன் மேல் ஒரு வலைக்கூட்டில் நலமான எலியைத் தொங்கவிட்டார். முதலாவது எலி இறந்தது. சில நாட்களில் இரண்டாவது எலியும் பிளேக்கினால் இறந்தது. கடந்து சென்றவை தெள்ளுகள் மாத்திரமே.

ஆனால் அறிவுலகம் அவரை எளிதில் நம்பவில்லை. இந்தியப் பிளேக் ஆணைக்குழு அவரது கருத்தை நிராகரித்தது. பம்பாயில் கிளென் லிஸ்டனும், 1905 முதல் அங்கு பணியாற்றிய புதிய ஆய்வுக்குழுவும் சோதனைகளை விரிவாக நடத்தி உறுதிசெய்த பின்னரே உண்மை ஏற்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நோய் பஞ்சாப் வரை பரவி இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1896 முதல் சுமார் கால் நூற்றாண்டுக்குள் இந்தியாவில் பிளேக்கினால் மாண்டோர் ஒரு கோடிக்கும் அதிகமாவர். 1891 இல் 8,21,764 ஆக இருந்த பம்பாயின் சனத்தொகை 1901 இல் 7,76,006 ஆகக் குறைந்திருந்தது.

கொழும்பை அடைந்தபோது

பதினேழு ஆண்டுகள் தப்பியிருந்த கொழும்பு நகரை 1914 இன் தொடக்கத்தில் பிளேக் எட்டியது. இங்கும் அது தங்கிய இடம் தானியக் களஞ்சியங்கள் நிறைந்த புறக்கோட்டைப் பகுதியே. எனினும் பம்பாயின் பேரழிவு இங்கு நிகழவில்லை. கொழும்பு மாநகர சபையில் நுண்ணுயிரியல் நிபுணராகப் பணியாற்றிய ஹேர்ஸ்ட் இதற்கான காரணங்களுள் ஒன்றைக் கண்டறிந்தார். இந்நகர எலிகளில் பெருமளவில் காணப்பட்ட தெள்ளினம் பிளேக்கை எளிதில் பரப்ப வல்லதன்று. வல்லமை மிக்க மற்றைய இனம் தானியக் களஞ்சியங்களை அண்டியே காணப்பட்டது.

பிளேக் அச்சத்தின் சுமையை அதிகம் தாங்கியோர் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களே. தமிழகக் கரையிலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தடுத்து வைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அவர்கள் கடல் கடக்க அனுமதிக்கப்பட்டனர். முதல் வகுப்பில் பயணித்த கனவான்களுக்கு அத்தகைய கெடுபிடி இருக்கவில்லை. மலையக மக்களின் முன்னோர் நோய்க்காவிகளாக நோக்கப்பட்ட அதே மண்டபத்தில், பல தசாப்தங்களின் பின்னர் இலங்கையின் தமிழ் அகதிகள் தங்க நேர்ந்தமை வரலாற்றின் விசித்திரமாகும்.

பழைய சட்டம், புதிய காயம்

1897 இன் கட்டளைச்சட்டம் நமது காலத்திலும் உயிர்பெற்றது. அதன் கீழ் 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொவிட் தொற்றினால் இறந்த அனைவரையும் தகனஞ் செய்வதைக் கட்டாயமாக்கியது. நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் தெளிவாகக் கூறியிருந்தது. நிலத்தடி நீர் மாசடையும் என்ற வாதத்துக்கு விஞ்ஞான ஆதாரம் முன்வைக்கப்படவில்லை. உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட மனுக்கள் 2020 டிசெம்பர் முதலாம் திகதி விசாரணைக்கு எடுக்கப்படாமலேயே தள்ளுபடி செய்யப்பட்டன. பிறந்து 20 நாட்களே ஆன சிசுவொன்றின் ஜனாஸாவும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டித் தமது துயரத்தை வெளிப்படுத்தினர். அதில் சிங்களவரும் தமிழரும் பங்குகொண்டமை ஆறுதலான விடயமாகும்.

2021 பெப்ரவரி 25 ஆம் திகதி கட்டளை திருத்தப்பட்டு, மார்ச் மாதம் ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் ஆரம்பமாயின. முஸ்லிம்களோடு இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஆனால் எரிக்கப்பட்ட உடல்களை எந்த மன்னிப்பும் மண்ணுக்கு மீட்டுத் தராது.

தொற்றுநோய் பரவும்போது அரசுக்கு விசேட அதிகாரம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. தனிமைப்படுத்தலும் தடுப்பூசியும் உயிர்களைக் காக்கும் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அதிகாரம் விஞ்ஞானத்துக்குக் கட்டுப்பட்டதாகவும், காரணம் கேட்போருக்குப் பதில் சொல்வதாகவும், நீதிமன்றின் பரிசீலனைக்கு உட்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். பிளேக் பரவும் வழி 1896 இல் எவருக்கும் தெரியாது. ஆகவே அக்கால அதிகாரிகளின் தவறுகளுக்கு அறியாமை என்ற ஒரு சமாதானமேனும் இருந்தது. 2020 இல் நம்மை ஆண்டோருக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

இன்று பிளேக் நோய் நுண்ணுயிர்க்கொல்லிகளால் குணப்படுத்தக்கூடியதாகும். அடுத்து வரப்போகும் நோயின் பெயரை எவரும் அறியோம். அது வரும்போது மக்கள் நோயாளரை மறைப்பார்களா, வைத்தியரிடம் கொண்டு வருவார்களா என்பது அன்று பிறப்பிக்கப்படும் கட்டளைகளில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. தமது உடலையும் உறவையும் இறந்தோரையும் இந்த அரசு மதிக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கின்றதா என்பதிலேயே அது தங்கியுள்ளது. அந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்ப வேண்டிய காலம் நோய் வந்த பின்னரல்ல. 1897 இன் சட்டத்தை மனித கண்ணியத்துக்கு இடமளிக்கும் வகையில் திருத்தி எழுதுவது அதற்கான முதற்படியாக அமையட்டும்.